மருந்துக் கடையிற் கண்ட ‘மூதாதை’

முன்னோர் நம்மிலும் பெரியவர் என்னும் எண்ணம் மனிதரிடையே மிகப் பழமையானது. உருவிலும் ஆயுளிலும் ஆற்றலிலும் அவர்கள் நம்மை விஞ்சி நின்றனர் என்று எண்ணுவதிற் பல சமுதாயங்கள் ஒருவகை மகிழ்ச்சி கண்டன. புராணங்களும் இதிகாசங்களும் அவ்வெண்ணத்துக்கு உருக்கொடுத்தன. அதனை நாம் குறைகூற வேண்டியதில்லை; இலக்கியம் தன் தொழிலைச் செய்தது. ஆனால் அதே எண்ணம் விஞ்ஞானியின் ஆய்வுகூடத்தினுள்ளும் புகுந்து, அழிந்துபோன ஓர் இராட்சதக் குரங்கை மனிதனின் பாட்டனாக்கியதைப் பலர் அறியார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த அக்கொள்கை எவ்வாறு தோன்றியது, எத்தகைய சான்றுகளால் வீழ்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூர்ப்புக் கொள்கையை வகுப்பில் எடுத்துரைக்கும் ஆசிரியர் எவரும் ஒரு வினாவுக்குத் தப்ப முடியாது. “அப்படியானால் மனிதன் குரங்கிலிருந்தா வந்தான், சேர்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும், வகுப்பே சிரிக்கும். அச்சிரிப்பினுள் ஒரு மனத்தாங்கலும் உண்டு என்பதை நாம் கண்டிருக்கிறோம். எந்தக் குரங்கு, எப்போது, எவ்விடத்தில், அதற்குச் சான்று யாது என்று கேட்பதற்கு மாணவனைப் பழக்கிவிட்டாற் சிரிப்பு நின்று சிந்தனை தொடங்கும். இராட்சதக் குரங்கின் வரலாறு அத்தகைய பயிற்சிக்கு மிகவும் ஏற்ற பாடம் எனலாம்.

சீன மருந்துக் கடைகளில் ‘டிராகன் எலும்பு’ என்றொரு சரக்கு நெடுங்காலமாக விற்கப்பட்டு வந்தது. மண்ணிலும் குகைகளிலும் அகப்படும் பண்டை விலங்குகளின் எலும்புகளையும் பற்களையும் இடித்துப் பொடியாக்கி, நோயாளருக்கு மருந்தாகக் கொடுப்பர். உயிர்ச்சுவடுகளைத் தேடிய ஐரோப்பியர் முதலிற் சென்றது மலைகளுக்கன்று, இக்கடைகளுக்கே. ஹாபரர் என்னும் ஜேர்மானியர் சீனக் கடைகளில் வாங்கிய எலும்புகளை மக்ஸ் ஷ்லோசர் என்பார் ஆராய்ந்து 1903 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வெலும்புக் குவியலுள் மனிதப் பல்லை ஒத்த ஒரு பல்லும் இருந்தது. சீனாவிலே ஆதி மனிதனைத் தேடும் ஆர்வத்துக்கு அப்பல்லும் ஒரு தூண்டுகோலாயிற்று.

1935 ஆம் ஆண்டில் வொன் கொயினிக்ஸ்வால்ட் என்பவர் ஹொங்கொங் மருந்துக் கடையொன்றில் ஒரு பல்லைக் கண்டெடுத்தார். அவர் ஜேர்மனியிற் பிறந்தவர். யாவாவிலே ஒல்லாந்தக் குடியேற்ற ஆட்சியின் புவிச்சரிதவியற் பகுதியிற் பணிபுரிந்தவர். அவர் கண்டது கீழ்த்தாடையின் மூன்றாங் கடைவாய்ப்பல். அது வாலில்லாக் குரங்கொன்றின் பல் என்பதை அவர் உடனே உணர்ந்தார். ஆனால் அதன் பருமனோ அறியப்பட்ட குரங்குகள் எவற்றுக்கும் பொருந்தவில்லை. கொரில்லாவின் பல்லும் அதன்முன் சிறிதாயிற்று. அவ்வொரு பல்லைக்கொண்டே புதியதொரு சாதியை வகுத்து, ‘ஜைகாந்தோபித்தெக்கஸ் பிளாக்கி’ எனப் பெயரிட்டார். முதற்சொல் இராட்சதக் குரங்கு எனப் பொருள்படும். இரண்டாஞ் சொல், பீகிங் மனிதனை ஆராய்ந்து 1934 ஆம் ஆண்டிற் காலமான டேவிட்சன் பிளாக் என்னும் கனடிய அறிஞரின் நினைவாக இடப்பட்டது.

அடுத்த சில ஆண்டுகளில் வேறு சில பற்களும் கடைகளில் அகப்பட்டன. ஆனால் அவை எந்த மலையில், எந்தக் குகையில், எந்த மண்படையிற் கிடைத்தன என்பதைக் கடைக்காரர் அறியார். அவருக்கு அவற்றை விற்ற தரகரும் சொல்லார். இலக்கியம் பயின்றோர்க்கு இந்நிலை புதிதன்று. பாடியவர் யார், பாடிய காலம் எது, எச்சந்தர்ப்பத்திற் பாடப்பட்டது என்பன தெரியாத தனிப்பாடலொன்று நம் கைக்கு வந்தால் என்ன நிகழ்கின்றது? அவரவர் விரும்பிய புலவருக்கு அதனை உரிமையாக்குவர்; விரும்பிய நூற்றாண்டில் அதனைக் கொண்டுபோய் வைப்பர். இடமும் காலமும் இழந்த அப்பற்களுக்கும் அதுவே நேர்ந்தது.

கொயினிக்ஸ்வால்ட் முதலில் அதனைச் சிவாலிக் மலைத்தொடரிற் கிடைத்த சிவபித்தெக்கஸ் என்னும் பண்டைக் குரங்கோடு உறவுபடுத்தினார். தென்னாபிரிக்க அறிஞர் றொபேட் புறூம் 1939 ஆம் ஆண்டில் அதனைத் தம் நாட்டு ஒஸ்திரலோபித்தெக்கசோடு சேர்க்க விரும்பினார். இவற்றுக்கெல்லாம் மேலாக எழுந்ததுதான் பிரான்ஸ் வைடன்ரைக் என்பாரின் கொள்கை.

வைடன்ரைக் எளிதில் ஒதுக்கத்தக்க அறிஞரல்லர். ஜேர்மனியில் உடற்கூற்றியற் பேராசிரியராக விளங்கிய அவர், யூதராதலின் நாசிகளின் இனவெறிக்கு இலக்காகிப் பதவியும் நாடும் இழந்தார். 1935 ஆம் ஆண்டிற் பீகிங்குக்குச் சென்று, பிளாக் விட்ட பணியைத் தொடர்ந்தார். பீகிங் மனிதனின் எலும்புகளை அவர் அளந்து விவரித்த நுட்பமே பின்னர் உலகுக்குப் பெருந்துணையாயிற்று. 1941 ஆம் ஆண்டின் இறுதியில், யுத்தக் குழப்பத்தில், அவ்வெலும்புகள் காணாமற் போய்விட்டன. யாவாவிலே கொயினிக்ஸ்வால்ட் யப்பானியரின் தடுப்பு முகாமில் அடைபட்டார். நியூயோர்க்கை அடைந்திருந்த வைடன்ரைக்கிடம் எஞ்சியிருந்தவை இராட்சதப் பற்களின் வார்ப்புகளே.

அவ்வார்ப்புகளைக் கொண்டு 1945, 1946 ஆம் ஆண்டுகளில் அவர் தம் முடிபை வெளியிட்டார். தட்டையான மேற்பரப்பும் தடித்த மிளிரியும் உடைய அப்பற்கள் குரங்கின் பற்களிலும் மனிதப் பற்களையே பெரிதும் ஒத்தன என்றார். ஆகவே அது இராட்சதக் குரங்கன்று, இராட்சத மனிதன். பெயரையும் ‘ஜைகாந்தந்திரோப்பஸ்’ என மாற்றல் வேண்டும் என்றார். அவ்விராட்சதனிலிருந்து யாவாவிற் கிடைத்த பெருந்தாடையுடைய மெகாந்திரோப்பசும், அதிலிருந்து யாவா மனிதனும் படிப்படியாக உருச்சிறுத்து வந்தனர் என்று ஒரு வழிமுறையும் வகுத்தார். மனிதகுலம் இராட்சதப் பருவமொன்றைக் கடந்து வந்தது என்பதே இதன் பொருள். புராணிகர் கூறிய பேருருவ முன்னோர் உடற்கூற்றியலின் ஆடை புனைந்து மீண்டும் வந்துவிட்டனர்!

விடுதலை பெற்ற கொயினிக்ஸ்வால்ட் 1952 ஆம் ஆண்டில் இதனை மறுத்தார். எனினும் முற்றாக மறுத்திலர். அது நமக்கு நேரே மூதாதையன்று, ஆனால் மனிதக் குடும்பத்தின் பக்கக் கிளையொன்று என்றார். மூதாதை பெரிய பாட்டன் முறையானான், அவ்வளவே.

இங்குத் தவறு எங்கே நிகழ்ந்தது என்பதைச் சற்று நிதானித்து நோக்குதல் வேண்டும். உழுபவனின் கையிலும் காய்ப்பு உண்டு. மரமறுப்பவனின் கையிலும் காய்ப்பு உண்டு. அதனால் இருவரும் ஒருதாய் மக்களென்று நாம் சொல்வதில்லை. இருவரும் வலிய கருவியைப் பிடித்து உழைப்பவர் என்றே சொல்கின்றோம். பல்லும் அத்தகையதே. வன்மையான, நாரடர்ந்த உணவை அரைத்து உண்ணும் விலங்குகளுக்குத் தடித்த மிளிரியும் அகன்ற கடைவாய்ப்பல்லும் தனித்தனியே தோன்றக்கூடும். ஒற்றுமை வேறு, உறவு வேறு. உயிரினங்களைப் பாகுபடுத்துதல் என்பது தோற்றத்தைப் பார்த்து அடுக்கிவைக்கும் வேலையன்று. வழிமுறையை ஆராய்ந்து காணும் வரலாற்று வேலையாகும். அவ்வரலாற்றை எழுதுவதற்குச் சில பற்கள் போதா. அவை கிடந்த இடமும் காலமும் வேண்டும்.

அவ்விடத்தைக் கண்டவர் யாவர்? 1949 ஆம் ஆண்டின் பின்னர்ச் சீனாவில் உயிர்ச்சுவட்டாராய்ச்சி அரசின் விஞ்ஞான நிறுவனத்தினது பொறுப்பாயிற்று. 1929 ஆம் ஆண்டிற் பீகிங் மனிதனின் முதல் மண்டையோட்டைக் கண்டெடுத்த பெய் வென்சுங் என்னும் அறிஞரின் தலைமையில் ஒரு குழு தென்சீனாவுக்கு அனுப்பப்பட்டது. 1955 ஆம் ஆண்டில், குவாங்துங், குவாங்சி மாகாணங்களின் ‘டிராகன் எலும்பு’ச் சரக்குகளை ஆராய்ந்து 47 பற்களை அக்குழுவினர் பிரித்தெடுத்தனர். அத்துடன் அமையாது, சரக்கு வந்த வழியைப் பின்பற்றி மலைகளுக்கே சென்றனர். 1956 ஆம் ஆண்டில் குவாங்சியின் குகையொன்றில், படிந்த மண்ணினுள்ளே, கிடந்த இடத்திலேயே இராட்சதக் குரங்கின் பற்கள் முதன்முதலாகக் காணப்பட்டன.

அதே ஆண்டில் லியூசெங் பகுதியில் சின் சியுஹுவாய் என்னும் உழவர் பற்கள் பலவற்றையும், அவற்றோடு ஒரு கீழ்த்தாடையையும் கண்டெடுத்தார். உலகின் பெரிய நூதனசாலைகள் எவற்றிலும் அன்றுவரை அத்தகைய தாடையொன்று இருந்ததில்லை. அத்தாடை உரலுக்குட் போகாது ஆராய்ச்சியாளரிடம் வந்து சேர்ந்தது. 1957 முதல் 1963 வரை அப்பகுதியில் முறையாக நடந்த அகழ்வில் மேலும் இரு தாடைகளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பற்களும் வெளிவந்தன. வரலாற்று நூல்களிற் கொயினிக்ஸ்வால்டின் பெயரைக் காண்கின்றோம். வைடன்ரைக்கின் பெயரைக் காண்கின்றோம். குகைமண்ணைக் கூடைகூடையாகச் சுமந்து சலித்தவர்களின் பெயர்களைக் காண்பதில்லை. சின் சியுஹுவாயின் பெயர் எஞ்சியிருப்பது ஒரு விதிவிலக்கு.

வியட்நாமிலும் இவ்வாறே. 1960களில் வட வியட்நாமின் தாம் குயென் குகையில் வியட்நாமிய அறிஞரும் கிழக்கு ஜேர்மனிய அறிஞரும் இணைந்து ஆராய்ந்தனர். அங்கே இராட்சதக் குரங்கின் பற்களும் ஆதி மனிதனின் பற்களும் ஒரே குகையிற் கிடைத்தன. வியட்நாமிய, அமெரிக்க ஆராய்ச்சியாளர் சேர்ந்து 1996 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று அப்படைக்கு ஏறத்தாழ 475,000 ஆண்டு வயதைக் கணித்தது. தன் காலத்திலேயே மனிதன் வாழ்ந்துகொண்டிருந்தபோது, அப்பிற்காலத்துக் குரங்கு அவனுக்கு மூதாதையாவது எங்ஙனம்? மண்படையைப் பார்த்தவுடன் வழிமுறைப் பட்டியல் ஆட்டங்காணுகின்றது.

இன்று ஏறத்தாழ 2,000 பற்களும் நான்கு கீழ்த்தாடைகளும் நம்மிடம் உள்ளன. மண்டையோடு இல்லை, கையெலும்பு இல்லை, காலெலும்பு இல்லை. இதற்குக் காரணம் சொல்வோர் முள்ளம்பன்றியைச் சுட்டுகின்றனர். குகைகளுக்குள் எலும்புகளை இழுத்துச் சென்று கடிப்பது அதன் வழக்கம். எலும்பெல்லாம் கரைந்தும் கடிக்கப்பட்டும் போக, மிளிரி மூடிய பல்லே எஞ்சியது. ஆதலால், 3 மீற்றர் உயரம், 200 முதல் 300 கிலோகிராம் எடை என்று சொல்லப்படும் கணக்குகள் யாவும் பல்லையும் தாடையையும் கொண்டு செய்த மதிப்பீடுகளே என்பதை மனங்கொள்ள வேண்டும். இமயமலையிற் பனிமனிதனாக அது இன்றும் உலவுகின்றது என்று எழுதுவோர்க்கு அம்மதிப்பீடும் தேவையில்லை. அவர்கள் சான்றைத் தேடி எழுதுபவரல்லர்.

தாடைகள் கிடைத்த பின்னரும் வழக்கு உடனே தீர்ந்துவிடவில்லை. சிறிய வெட்டுப்பற்களையும் தேய்ந்த வேட்டைப்பற்களையும் சுட்டி, மனிதச் சாயல் உண்டென்று வாதித்தோர் தொடர்ந்தும் இருந்தனர். அதனைத் தீர்க்க உதவியது வேறொரு வழக்கு.

சிவாலிக் மலைகளில் 1930களில் அகப்பட்ட தாடைத் துண்டொன்றுக்கு 1934 ஆம் ஆண்டில் இராமபித்தெக்கஸ் எனப் பெயரிட்டிருந்தனர். 1960களில் அது மனிதகுலத்தின் முதல் மூதாதை என்ற பெருமையைப் பெற்றுப் பாடநூல்களிலும் ஏறிற்று. அங்கும் சான்று தாடைத் துண்டுகளும் பற்களுமே. அங்கும் தடித்த மிளிரியே வாதம். 1967 ஆம் ஆண்டிற் சாரிச், வில்சன் என்னும் இரு ஆராய்ச்சியாளர் எலும்பை விட்டு இரத்தப் புரதத்தை எடுத்துக்கொண்டனர். மனிதனின் புரதமும் ஆபிரிக்கக் குரங்குகளின் புரதமும் மிக நெருங்கியவை; இரண்டும் பிரிந்து ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகளே ஆயின என்றனர். இராமபித்தெக்கசோ அதனிலும் மிகப் பழமையானது. எலும்பறிஞர் இதனை ஏற்க மறுத்தனர். ஆனால் பாகிஸ்தானிற் கிடைத்த சிவபித்தெக்கசின் முகவெலும்பை டேவிட் பில்பீம் 1982 ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, அது ஒராங்குட்டானின் முகத்தை வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தது. இராமபித்தெக்கஸ் சிவபித்தெக்கசினுள் அடங்கிற்று. இராமபித்தெக்கசை மூதாதையென முன்பு வாதித்தவருள் பில்பீமும் ஒருவர். தாமே கட்டிய வீட்டைத் தம் கையாலேயே இடித்த அந்நேர்மை போற்றத்தக்கது.

இந்தியாவின் பிலாஸ்பூர்ப் பகுதியிற் கிடைத்த பெருந்தாடையொன்றும் 1969 ஆம் ஆண்டில் ஜைகாந்தோபித்தெக்கஸ் சாதியிலேயே சேர்க்கப்பட்டது. அது 80 இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. பின்வந்தோர் அதனைப் பிரித்து, இந்தோபித்தெக்கஸ் என்ற வேறு சாதியில் வைத்தனர். பெரியன யாவும் ஒன்றல்ல என்ற உண்மை இங்கும் வலியுறுத்தப்பட்டது.

இறுதித் தீர்ப்பு 2019 ஆம் ஆண்டில் வந்தது. குவாங்சியின் சூய்பெங் குகையில், ஏறத்தாழ 19 இலட்சம் ஆண்டுப் பழமையுடைய படையிலிருந்து பெற்ற ஒரு கடைவாய்ப்பல்லின் மிளிரியில் பண்டைப் புரதத்தின் எச்சங்கள் சிக்கியிருந்தன. வெப்பமான நாடுகளில் அத்துணைப் பழைய புரதம் எஞ்சியிருக்கும் என எவரும் எதிர்பார்த்திலர். அதனை இன்றைய குரங்குகளின் புரதங்களோடு ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர், இராட்சதக் குரங்குக்கு மிக நெருங்கிய உறவு ஒராங்குட்டானே என்று கண்டனர். அவ்விரு கிளைகளும் 100 முதல் 120 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒன்றிலிருந்தொன்று பிரிந்தன. மனிதக் கிளையோடு அதற்கு நேருறவு இல்லை. எந்த மிளிரியின் தடிப்பைக் காட்டி வைடன்ரைக் அதனை மனிதனாக்கினாரோ, அந்த மிளிரியே உள்ளிருந்து உண்மையைச் சொல்லிற்று. தென்சீனாவில் அதனோடு வாழ்ந்த பண்டை ஒராங்குட்டான் இனத்துக்கு இன்று வழங்கும் பெயர் ‘பொங்கோ வைடன்ரைக்கி’. இராட்சதனைத் தேடிய அறிஞரின் பெயர் அவ்விராட்சதனின் உண்மையான உறவினனிடமே போய்ச் சேர்ந்திருக்கின்றது.

இனி, அவ்விராட்சதக் குரங்கு அழிந்தது எவ்வாறு? சீன, அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளரும் பிறரும் இணைந்து தென்சீனாவின் 22 குகைகளை ஆராய்ந்து 2024 ஆம் ஆண்டில் விடையொன்றை வெளியிட்டனர். படைகளின் வயதையும் பண்டை மகரந்தத்தையும் பற்களின் தேய்வையும் சேர்த்து நோக்கிய அவ்வாய்வு, 295,000 ஆண்டுகளுக்கும் 215,000 ஆண்டுகளுக்கும் இடையில் இக்குரங்கு மறைந்தது எனக் காட்டுகின்றது. 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே அடர்ந்த காடு இருந்தது. ஏறத்தாழ 600,000 முதல் 700,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து பருவங்களின் வேறுபாடு கடுமையாகி, காட்டின் தன்மை மாறத் தொடங்கிற்று. ஒராங்குட்டான் உருவிற் சிறியது; எளிதில் இடம்பெயர்வது; கிடைத்ததற்கேற்ப உணவை மாற்றிக்கொண்டது. பேருடல் தாங்கி நிலத்தில் நடந்த குரங்கோ, கனி குறைந்த காலத்தில் மரப்பட்டையும் சுள்ளியும் போன்ற சத்தற்ற உணவையே நம்பிற்று. அதன் பிற்காலத்துப் பற்களில் நெடுநாள் நலிவின் அடையாளங்கள் காணப்படுகின்றன. மனிதன் வேட்டையாடி அதனை அழித்தான் என்பதற்குச் சான்றில்லை. காடு மாறியது, அது மாறவில்லை.

பெருமை எனக் கருதிய பேருருவே அதற்குப் பெருஞ்சுமையாயிற்று என்பதை மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். கூர்ப்பு, பெரியவனைத் தேர்ந்தெடுத்து முடிசூட்டும் விழாவன்று. வலியவன் வாழ்வான், மெலியவன் மாள்வான் என்று சொல்லிச் சுரண்டலுக்கு இயற்கையின் பெயரால் நியாயம் தேடுவோர், இக்குரங்கின் கதையை ஒருமுறையேனும் படித்தல் நன்று.

ஆனால் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. காலநிலையின் மாற்றத்தைத் தாங்கிப் பிழைத்த ஒராங்குட்டான் இன்று சுமாத்திராவிலும் போர்ணியோவிலும் மட்டுமே எஞ்சியுள்ளது. அதன் மூன்று இனங்களும் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றான தபனூலி ஒராங்குட்டான் 2017 ஆம் ஆண்டிலேயே தனியினம் என இனங்காணப்பட்டது. அதில் எஞ்சியவை 800க்கும் குறைவு. எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்காகவும் மரத்துக்காகவும் சுரங்கங்களுக்காகவும் அவற்றின் காடுகள் வெட்டி வீழ்த்தப்படுகின்றன. இராட்சதக் குரங்கின் காட்டை மாற்றிய பருவத்துக்கு நோக்கம் ஒன்றும் இருந்ததில்லை. ஒராங்குட்டானின் காட்டை வெட்டும் கோடரிக்கு இலாபக் கணக்கு இருக்கின்றது. அக்கணக்கை எழுதுபவர் மனிதர். ஆதலால் அதனை மாற்றவும் மனிதரால் முடியும்.

அடுத்தமுறை பின்வரிசை மாணவன் அவ்வினாவைக் கேட்கும்போது நாம் சொல்லத்தக்க விடை உண்டு. “தம்பி, மருந்துக் கடையில் வாங்கிய பல்லொன்றைக் கொண்டு ஒரு குரங்கை நமக்குப் பாட்டனாக்கினார்கள். குகைகளைத் தோண்டியும் புரதத்தை ஆராய்ந்தும் அது வேறொருவரின் உறவென்று கண்டார்கள். அதற்கு 84 ஆண்டுகள் சென்றன. நம் சொந்தப் பாட்டனைப் பற்றிக் கேட்கிறாய்; நல்லது, சான்றுகளிலிருந்தே தொடங்குவோம்.”